இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலை பறிகூலிக்கே கட்டாமல் போன வருஷங்கள் அவை. தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மனைவி சம்பளத்தில் சாப்பிட்டேன். அவள் அருவங்காட்டில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். விடியற்காலை உறைபனியில் எங்கள் பழைய காரில் அவளைக் கீழே பஸ் நிற்கும் இடத்தில் விட்டு வருவேன். சாயங்காலம் ஏற்றி வருவேன். இரண்டே மைல்தான். அதற்கே எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்தக் காரில் ஆயில் கசிந்தது. ஆயிலை வெளியே விடாமல் அடைக்கும் ரப்பர் சீலை மாற்றியும் நிற்கவில்லை.

"வாரத்துல அஞ்சு நாள், என்கூட வேலை செய்யற டீச்சர் ஊட்டுலயே தங்கிக்கறனுங்க" என்றாள் அவள்.

என் மேல் சலித்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். வண்டியைச் சரிசெய்தால் இருந்துவிடுவாள் என்றும் ஒரு நப்பாசை. அவளும் இல்லாத வீட்டில் அந்தக் குளிரைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை இருவருமாக மெக்கானிக்கிடம் போனோம். எஞ்சினைத் துடைத்தவர், முகப்பவுடர் இருக்கிறதா என்றார். அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். எஞ்சின் மேல் தூவி ஓடவிட்டார். நாலு இடத்தில் ஆயில் கசிந்து பவுடர் நனைந்தது.

"சீல் மேல தப்பில்லீங்க. உள்ள காத்து அடைச்சு ஆயிலை வெளிய தள்ளுது."

எஞ்சின் மூச்சுவிடும் ரப்பர் குழாயைக் கழற்றினார். உள்ளே தயிர் மாதிரி வெள்ளையாக அடைத்திருந்தது.

"ஏனுங்க, எஞ்சின் சூடே ஆகறதில்லீங்களா? ஈரம் காயாம ஆயிலோட கலந்து இப்படி அடைச்சிருக்குது. எறக்கத்துல ஆஃப் பண்ணிப்போட்டு உருட்டீட்டு வர்றீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க" என்றேன்.

"தெனமும் அப்படித்தானுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

கடுகு போன இடம் ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அது நான்தான். பெட்ரோலை மிச்சம் பிடித்து எஞ்சினைக் கெடுத்திருக்கிறேன். அவர் குழாயைக் கழுவி, ஆயிலை மாற்றி, தினமும் சூடேறும் வரை ஓட்டச் சொல்லி அனுப்பினார். கசிவு நின்றது.

திங்கட்கிழமை காலை, இறக்கம் தொடங்கியதும் என் கை தானாகச் சாவிக்குப் போயிற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஓடட்டுமுங்க. ஆஃப் பண்ணுனா பிரேக் கல்லாட்ட ஆயி, நீங்க எம்பி எம்பி மிதிக்கறீங்க. ஒவ்வொரு வளைவுலயும் உசிரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். அதுக்குத்தான் அங்க தங்கறேன்னு சொன்னனுங்க."

நான் எஞ்சினை அணைத்து உருட்டிய எட்டு மாதமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பயந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டபடியே மெல்ல இறங்கினேன். அன்றும் அவளுடைய இன்னொரு கை கதவைப் பிடித்தபடிதான் இருந்தது.