தொண்ணூறு வினாடி

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். நடந்தது எனக்கு. பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். இப்போது சிரிப்பதில்லை.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் பொருள்களுக்குத் தங்கம் பூசுவது என் வேலை. மின்சாரம் கடத்தாத பொருளைப் பூசாமல் வைத்தால் படம் வெள்ளையாகப் பூத்துவிடும். கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி, சுவிட்சைத் தட்டினால் உள்ளே ஊதா வெளிச்சம் எரியும். தொண்ணூறு வினாடி போதும். பொறாமை வேண்டாம், பூசுகிற தங்கம் மூக்குத்திக்குக்கூடத் தேறாது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு மாதம் முன்பு, அறுந்த நைலான் பெல்ட் ஒன்று எங்கள் லேபுக்குச் சோதனைக்கு வந்தது. மாடிக் கட்டடத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவர் இடுப்பில் கட்டியிருந்தது. விழுந்தவர் படுத்த படுக்கை. பெல்ட் பழசாகி இற்றுப்போனதா, அவரே சிகரெட்டால் சுட்டுவிட்டாரா என்பதுதான் கேள்வி. ஒரு துண்டை வெட்டி வைத்து, டைமர் போடாமலே மெஷினை ஓட்டினேன். அக்கா போன் செய்தாள். அரட்டையில் மெஷினை மறந்துவிட்டேன். ஆறு நிமிடம் ஓடிவிட்டது. அந்தச் சூட்டில் இழைகளின் நுனி உருகி உருண்டுவிட்டது.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற சாரிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். அவர் படத்தைப் பார்த்து, நெருப்பு பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டார். பழி பெயின்டர் தலையில் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் தங்கத்தில் மறைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. மதியம் 3.42. ஜன்னல் இல்லாத அறை. நான் மட்டும். காய்ந்த எறும்பு ஒன்றை உள்ளே வைத்து, டைமரைத் தொண்ணூறில் வைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

குடுவைக்குள்ளிருந்துதான். காற்றே இல்லாத இடத்திலிருந்து சத்தம் எப்படி வரும்?

தொண்ணூறு தாண்டியது. வெளிச்சம் அணையவில்லை. சுவிட்சை அமுக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

ஊதா எரிந்துகொண்டே இருந்தது...

டொக்... டொக்... டொக்.

3.48. தானாக அணைந்தது.

திறந்தேன். எறும்பு அப்படியே இருந்தது.

நைலான் கருகிய நாற்றம்.

மறுநாள் காலை சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பழைய படத்தை எடுத்து மறுபடி பார்த்தார்.

"மிச்சத் துண்டு இருக்கா?"

"பீரோவுல இருக்கு சார்."

தொண்ணூறு வினாடி மட்டும் பூசிப் பார்த்தோம். இழைகள் நைந்து, இற்றுக் கிடந்தன. நெருப்பின் சுவடே இல்லை. சார் புது ரிப்போர்ட் எழுதினார். அதன் நகலோடு சாயங்காலம் பெயின்டர் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"நேத்தே போயிட்டாரு தம்பி. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. மூச்சு முட்டிச்சு, பேச்சு வரல. கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணு மூணா..."

ரிப்போர்ட்டை நீட்ட எனக்குக் கை வரவில்லை.

"பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் சொன்னாரு. அந்த ஊதா லைட்ட யாராவது அணைங்கன்னு. எங்க வீட்ல ஏது தம்பி ஊதா லைட்டு?"