லியாங் கிளம்ப மாட்டேன் என்கிறான்

செத்துப்போன அண்ணனைத் திட்டுவதுதான் அந்த வருஷம் முழுக்க வெய்-ஹானுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

திட்டுவதற்கு விஷயமா இல்லை? சிப்பி மூட்டைகளோடு மழையில் சந்தைக்குப் போன லியாங், கடற்கரைச் சாலையில் வண்டி வழுக்கி அங்கேயே போய்விட்டான். போனவன் ஒரு வேலையையாவது முடித்துவிட்டுப் போனானா? குளியலறைக் குழாயைப் பாதி கழற்றிப் போட்டபடி போனான். தன்னைத் தவிர யார் சொன்னாலும் கேட்காத நாயை விட்டுப் போனான். கடலில் சிப்பி வளர்க்கும் மூங்கில் சட்டங்களை எந்த ஒழுங்கில் கட்டினான் என்பதை மண்டைக்குள்ளேயே கொண்டு போய்விட்டான். ஊர்க்காரர்களோ ‘லியாங் இருந்திருந்தா’ என்று தொடங்காமல் வாயைத் திறப்பதில்லை. முட்டைக்கோஸ் விலை ஏறினால்கூட, லியாங் இருந்திருந்தால் ஏறியிருக்காது என்பதுபோல ஹானைப் பார்த்தார்கள்.

இந்தக் கடுப்பையெல்லாம் அவன் கூடத்து மூலையில் கிடந்த சின்ன மேசையிடம் கொட்டினான். அதன்மேல் அண்ணனின் பெயர் எழுதிய காகிதப் பலகை, ஊதுபத்திச் சாம்பல் விழும் ஒரு கிண்ணம், ஒரு புகைப்படம். புகைப்படத்தில் லியாங் யாரையோ கலாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மற்ற வீடுகளில் நூறாம் நாளோடு நிறுத்திவிடும் சோற்றுக் கிண்ணத்தை ஹான் நிறுத்தவே இல்லை. காலையும் மாலையும் வைத்தான். ஒவ்வொரு முறையும் வசவோடுதான் வைத்தான்.

“இந்தா, கொட்டிக்கோ. குழாய் இன்னும் ஒழுகுது. உன் நாய் என் செருப்பத் தின்னுடுச்சு. உனக்கென்ன, நல்லா பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திரு!”

அம்மா வாசற்படியோடு நின்றுகொள்வாள். பெற்றவர்கள் பிள்ளையைக் கும்பிடக்கூடாது. முந்திக்கொண்டு போனவன் பெற்றவளுக்குத் துரோகம் செய்தவன், அவனுக்கு அவள் ஊதுபத்தி பிடிக்கலாகாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். அதனால் அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். துடைத்த கையையே மறுபடி துடைப்பாள். ஹான் அதைத் தினமும் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் மனுஷனை அவ்வளவு சுயநலக்காரன் ஆக்கிவிடும்.

வருஷம் திரும்பியது. இனிமேல் மூலை மேசை கிடையாது. காகிதப் பலகையை எரித்து, மூலைக் கிண்ணத்துச் சாம்பலில் ஒரு சிட்டிகையை எடுத்து, நடு மேசையில் இருக்கும் முன்னோர் கிண்ணத்தில் கலந்துவிட்டால் லியாங்கும் அப்பா, தாத்தாவோடு முன்னோர் ஆகிவிடுவான். ஆனால் போகிறவன் சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இரண்டு பிறைக் கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. போட்டதும் மேலே தெரிவது ஒன்று தட்டையும் ஒன்று புடைப்புமாக இருந்தால் ‘சரி’. இரண்டும் புடைப்பாக விழுந்தால் ‘மாட்டேன்’. இரண்டும் தட்டையாக விழுந்தால், கேட்கப்பட்டவர் சிரிக்கிறார்.

மேலே வானதேவன், கீழே தாய்மாமன் என்பார்கள் அங்கே. மாமா பின்-சியுங் விடியும் முன்பே வந்து அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மேசை நிறையப் பன்றிக்கறி, மீன், சிப்பி சூப். ஹான் மண்டியிட்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ முனகிவிட்டுக் கட்டைகளைப் போட்டான்.

இரண்டும் தட்டை.

“சிரிக்கிறான்,” என்றார் மாமா. “இன்னொருக்கா போடு.”

மறுபடி தட்டை. மறுபடியும் தட்டை.

“சாப்பாடு பிடிக்கலயோ என்னவோ. அக்கா, சூப்புல இஞ்சி போட்டியா?”

“அவன் இஞ்சி போட்டாத்தான்டா குடிப்பான்,” என்றாள் அம்மா வாசலிலிருந்து.

சிகரெட் பற்ற வைத்தார்கள். தட்டை. குளிர்ந்த சோடா வாங்கி வந்து மூடியைத் திறந்து வைத்தார்கள். தட்டை. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு சூ-மெய் அத்தை தன் பங்குக்கு, “பொண்ணு கேக்குறானோ? கல்யாணம் ஆகாம போன பையனாச்சே,” என்றாள்.

“அப்பன் பக்கத்துல உக்கார பயப்படுறான்,” என்றார் மாமா. “மீன்பிடி வலைய வித்து ஊதாரித்தனம் பண்ணினதுக்கு இன்னும் உதை பாக்கி இருக்குல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பின்மேல் கொழுப்பு படிந்தது. ஹானுக்கு முழங்கால் மரத்தது, காது சிவந்தது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாமல் பல்லைக் காட்டுவான். செத்தும் திருந்தவில்லையே இந்தப் பிறவி! அடுத்த முறை கட்டைகளைப் போடவில்லை, எறிந்தான். ஒன்று நாயின்மேல் பட, அது ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

மாமா அந்தக் கட்டையை எடுத்து வந்தார், ஆனால் அவன் கையில் கொடுக்கவில்லை. “டேய், கேள்வி கோணலா இருந்தாத்தான் இப்படிச் சிரிப்பாங்க. நீ என்னடா கேக்குற? வாய்விட்டுச் சொல்லு.”

ஹான் மற்ற கட்டையைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்தான்.

“‘கிளம்புறியா’ன்னுதானே கேட்ட?”

“இல்ல.”

“பின்ன?”

“‘இங்கயே இருக்கியா’ன்னு கேட்டேன்.”

சூ-மெய் அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதக் கேக்கவா உன்ன மண்டி போட வெச்சோம்?” மாமாவுக்கு மூக்கு விடைத்தது. “காலைலேருந்து நாங்க பட்டினி. நீ அவன்கிட்ட ரகசியமா பேரம் பேசிக்கிட்டு இருக்கியா?”

“ஆமா, பேசினேன்!” ஹான் வெடித்தான். “அவன் அந்தப் பெரிய கிண்ணத்துக்குள்ள போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது? அப்பா, தாத்தா முன்னால அவன நாயேன்னு கூப்பிட முடியுமா? குழாய் ஒழுகுதுன்னு யார்கிட்ட சொல்றது? உங்களுக்கெல்லாம் அவன் செத்து ஒரு வருஷம். எனக்கு இன்னைக்குத்தான்!”

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் முகம் நன்றாக இருக்காது. அவனுக்கும் இல்லை. யாரும் தேற்ற வரவில்லை. அம்மா மட்டும் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவன்கிட்ட கேளு ஹான். நேரா கேளு. சுத்தி வளைச்சுக் கேட்டா அவனுக்குப் பிடிக்காது.”

ஹான் மூக்கை உறிஞ்சினான். மூலை மேசையைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினான்: “டேய் லியாங்! கிளம்புறியா? கிளம்பறதுன்னா கிளம்பு. குழாய நான் பாத்துக்கறேன். போ!”

கட்டைகள் தரையில் தட்டி, உருண்டு, நின்றன. ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு.

உறுதிக்கு மறுபடி போடச் சொன்னார் மாமா. மறுபடியும் அதே பதில்.

“பாத்தியா? ஒரு நிமிஷம்கூட யோசிக்கல!” என்றான் ஹான். உண்மையிலேயே அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. ‘இருடா, இன்னும் கொஞ்ச நாள்’ என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

காகிதப் பலகை பொசுக்கென்று எரிந்து முடிந்தது. அண்ணனின் கிண்ணத்திலிருந்து சாம்பலை ஹான்தான் கிள்ளி எடுத்தான். பெரிய கிண்ணத்தில் போட்ட கையோடு குனிந்து உற்றுப் பார்த்தான். எது அப்பா, எது அண்ணன், ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல்.

அப்போது ஒரு கை அவனை லேசாக ஒதுக்கியது. அம்மா. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள். மூன்று ஊதுபத்திகளைப் பற்றவைத்து, நடு மேசைக்கு நேராக நின்று, கைகளை நெற்றி வரை உயர்த்தினாள். ஒரு வருஷமாக அவள் ஏன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள் என்பது ஹானுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இன்றைக்கும் அண்ணனை மூலையிலேயே நிறுத்தி வைக்கப் பார்த்து, அவளிடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் தான்தான்.

“அம்மா…” என்றான்.

அவள் திரும்பவில்லை. கண்ணீர் வழிந்த முகத்தோடு சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்குற? உங்க அப்பாவத்தான் கும்பிடுறேன்,” என்றாள். “நீ போய் சூப்ப சுட வை.”