நான் சாட்சி சொன்ன லட்சணம்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தோட்டத்து கேட்டில் சோதனை போடாமல் விடுவார்கள் என்று நம்பித்தான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். டுரியான் துங்கால் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதனால் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற யாரும் ஒரு பிடி சோறுகூட எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டக் கூடாது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போனால், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்ப மதியம் தாண்டிவிடும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். நான் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வெட்டினேன்.

சனிக்கிழமைதோறும் மலாக்கா டவுனிலிருந்து ஓர் உபதேசியார் சைக்கிளில் ஜெபம் நடத்த வருவார். பின்னால் கட்டிய பையில் வேதப்புத்தகம் இருக்கும். கூடவே வாழையிலையில் மடித்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் இருக்கும். கேட்டில் காவல் நிற்கிற மாத்தா, அந்தப் போலீஸ்காரன், அவரைக் கண்டதும் கையை ஆட்டி உள்ளே அனுப்பிவிடுவான். பையைத் தொடக்கூட மாட்டான். போலீஸ் அதிகாரியே அவருக்குப் பாஸ் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. வேதக்காரனாகிவிட்டால் சோதனை கிடையாது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவ்வளவுதான் என் மூளை.

என் மனைவி ஒரு வருஷமாக அந்த ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞானஸ்நானம் எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள். "எடுத்துக்கோ. நானும் வரேன்" என்றேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில் இருந்த கோயிலில் இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். திங்கட்கிழமை காலையில், அவித்த மரவள்ளிக்கிழங்கைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஞானஸ்நானச் சீட்டைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி கேட்டுக்குப் போனேன்.

மாத்தா சீட்டை வாங்கித் தலைகீழாகப் பார்த்தான். "என்ன இது அண்ணே, வாயாங் கூத்து டிக்கெட்டா?" என்று மலாயில் கேட்டான்.

"கிறிஸ்தியான் லா!" என்று நெஞ்சில் ஓங்கித் தட்டினேன். தட்டிய வேகத்தில் இடுப்பிலிருந்து கிழங்கு அவன் பூட்ஸ் மேலேயே விழுந்தது.

காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கடத்துகிறவன் என்று எழுதி லாக்கப்பில் போட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றார்கள். நான் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

முதல் நாள் மாத்தாவைத் திட்டினேன். பிறகு தோட்டத்துத் துரையை. பிறகு இந்தச் சட்டத்தைப் போட்டவனை. எல்லாரும் தீர்ந்துபோனதும் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், ஒன் தண்ணி தலையில காயக்கூட இல்ல, அதுக்குள்ள உள்ள தள்ளிட்டியே! ஒரு கெழங்கு லா, ஒத்தக் கெழங்கு! அஞ்சு அப்பத்த அஞ்சாயிரம் பேருக்குக் குடுத்தியாமே, எங்க தோட்டத்து கேட்டத் தாண்டி ஒரு அப்பத்த எடுத்துட்டுப் போயிருவியா நீ?"

இப்படியே நாலு நாள். தொண்டை கட்டிப்போனது. ஐந்தாம் நாள் பகலில் சொல்ல ஒன்றுமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு, எழுந்து போகாமல், யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் பேச்சைக் கடைசிவரை கேட்டவர் அதுவரை யாருமே இல்லை. என் மனைவிகூடப் பாதியில் எழுந்து போய்விடுவாள். வயிறு காலியாகத்தான் இருந்தது. மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருஷமாகியும் அந்த நிறைவு குறையவில்லை. அந்தக் கோபமும் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பதாம் நாள் உபதேசியார் ஸ்டேஷனுக்கு வந்தார். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, ஞானஸ்நானம் இப்போதுதான் என்றாலும் நான் ஐந்து வருஷமாக விசுவாசி என்றும், கடவுள் இல்லை என்கிற கூட்டத்துக்கு ஒரு பருக்கைகூடக் கொடுக்க மாட்டேன் என்றும் அதிகாரியிடம் சத்தியம் செய்தார். விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அஞ்சு வருஷம் இல்லன்னு தெரிஞ்சா ஒங்களோட சேத்து என்னையும் உள்ள வெச்சிருவாங்க. வாய மூடிக்கிட்டு இருங்க தம்பி."

மூடிக்கொண்டுதான் இருந்தேன், அடுத்த ஞாயிறு வரைக்கும். அன்றைக்குக் கோயிலில் அவரே எழுந்து, "நம்ம சகோதரருக்காக ஆண்டவர் செறைக் கதவ ஒடச்சாரு. அஞ்சு வருஷ விசுவாசத்துக்குக் கெடச்ச பலன். இப்ப சாட்சி சொல்லுவாரு" என்றார். எல்லாரும் "அல்லேலூயா" என்றார்கள். முன்வரிசையில் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி உட்கார்ந்திருந்தார். காதில் விழுவதையெல்லாம் துரையிடம் கொண்டுபோகிற மனுஷன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உண்மையாக நடந்தது அந்த லாக்கப்பில் நடந்தது ஒன்றுதான். அதற்கும் பவுடர் பூசி வாயாங் மேடையில் ஏற்றுகிறார்களே!

எழுந்தேன். "கதவ ஆண்டவர் ஒடைக்கல. இவரு பொய் சொல்லித் தொறந்தாரு. நான் அஞ்சு வருஷமும் இல்ல, அஞ்சு நாளும் இல்ல. கெழங்கு திங்கிறதுக்காகத் தண்ணிய வாங்கிக்கிட்டவன். உள்ள போயி, வாய்க்கு வந்தபடி திட்டி, அப்பறந்தான் அவர நம்புனேன். சாட்சின்னா இதான் சாட்சி. இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்துச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. உபதேசியார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கிராணி பாட்டுப்புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் துரையிடம் வாயைத் திறக்கவில்லை என்பது பல வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை உபதேசியாரின் சைக்கிள் எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். உண்மையைச் சொன்ன பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்தி, மனைவி ஏதாவது பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒங்க கோவம் தீந்துச்சு. ஒங்கள வெளிய கொண்டாந்த மனுசன் இனிமே எப்ப வந்து பிடிப்பாங்களோன்னு வீட்டுல பயந்துக்கிட்டு கெடக்கணும். பஸ் வந்தா நான் போய்க்கிறேன். நீங்க திரும்பி உள்ள போயி அவரு கால்ல விழுங்க."