கம்ப்யூட்டர் முதுகில் ஒரு விசிறி

1991இல் நான் வேலை பார்த்த தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் இருந்தது. லாரிகளுக்கான ரப்பர் உதிரிகள் செய்தோம். நான் கொள்முதல் குமாஸ்தா. பஸ்ஸில் ஆங்கில நாவல் படித்துக்கொண்டு வருவேன் என்பதற்காக, இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கும் என்னையே பொறுப்பாக்கினார் மேனேஜர். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அதை உண்மையில் இயக்கத் தெரிந்தவர் வல்லக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். டைப்பிஸ்டாக இருந்து, சொந்தச் செலவில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மே மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருவார், சரக்கு இருப்பு அறிக்கையை அவர் கண்ணெதிரே அச்சடித்துக் காட்ட வேண்டும்; காட்டினால் இயந்திரமும் இருக்கும், அந்தப் பெண்ணும் இருப்பார். இல்லையென்றால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள்.

ஏப்ரலில் கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ரப்பரை வேக வைக்கும் கூடம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெட்டி கொதித்து, திரை உறைந்துவிடும்.

விசிறி வாங்க என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்கப் பயந்து, அதன் பின்பக்கத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டு போனேன். ரிச்சி தெருக் கடைக்காரர் எத்தனை வோல்ட் என்று கேட்டார். மின்சார வாரியம் தருவதுதான் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் ஒரு விசிறியை எடுத்துக் கொடுத்தார்.

தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் வாங்கினு வந்துகீற? இது நேரா சுவத்து லைன்ல போடற ஃபேனு. பொட்டிக்குள்ள இருந்தது பொடி கரண்ட்டுல ஓடறது.”

“ஓடுமா, ஓடாதா?”

“ஓடும். ஏரோபிளேன் கணக்கா ஓடும்.”

அப்படித்தான் ஓடியது. வேறு வாங்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். “ஓடுதில்ல?” என்றார். ஆகவே எலக்ட்ரீஷியன் அதைப் பெட்டியின் முதுகில் வெளியே மாட்டி, கூரை விசிறியின் ரெகுலேட்டரைப் பிடுங்கி இதற்குக் கொடுத்துவிட்டார். கூரை விசிறிக்கு வேறு ரெகுலேட்டர் வாங்க மேனேஜர் அனுமதிக்கவில்லை. அது கம்ப்யூட்டர் அறை, மனிதர்கள் அறை அல்ல என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம், வியர்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

சுவரில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட கறுப்புத் திருகு. அறைக்குள் நுழையும் யாராக இருந்தாலும், கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேரே போய் அதை ஐந்தில் வைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். கூரை விசிறி அசையாது. கம்ப்யூட்டர் அலறும், குளிரும். பக்கத்து அறையிலிருந்து வெளியூருக்கு டிரங்க் கால் பேசும் மேனேஜருக்கு அந்த அலறல் ஆகாது. எழுந்து வந்து ஒன்றில் வைப்பார். ஒன்றில் விசிறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றும். மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் நின்றுவிடும்.

“அது கூரை ஃபேனுக்கு இல்லன்னு வரவங்ககிட்ட சொல்லிடலாமேம்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

“எதுக்கு சார்? வெக்கட்டும். நான் வெச்சா மேனேஜர் திட்டுறாரு. அவங்கள திட்ட மாட்டாரில்ல?”

டைரக்டர் மத்தியான வெயிலில் வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் வேலையைத் தொடங்கினார். திருகு ஐந்தில் இருந்தது.

“என்ன சத்தம் இது? நான் பேசறதே எனக்குக் கேக்கலை” என்றார் டைரக்டர்.

மேனேஜர் பாய்ந்து போய் ஒன்றில் வைத்தார். அறை அமைதியானது. அளவுக்கு மீறிய அமைதி. பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன்; விசிறி நின்றிருந்தது. அறிக்கை இன்னும் பாதிகூடத் தயாராகவில்லை. அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே இடது கையைப் பெட்டியின் மேல் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சட்டென்று கையை எடுத்தார். நான் என் பங்குக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதனால் யாருக்கும் பயனில்லை.

“சார், உங்களுக்கு ரொம்ப வேர்த்துக்கினு இருக்குதே” என்றார் அவர் டைரக்டரிடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க பின்னாடிதான் சார் ரெகுலேட்டர்.”

“நீ வேலையப் பாரும்மா” என்றார் மேனேஜர்.

அதற்குள் டைரக்டர் எழுந்துவிட்டார். எல்லாரையும் போலவே கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திருகை ஐந்துக்குத் திருப்பி, கூரையை அண்ணாந்து பார்த்தார். கம்ப்யூட்டர் அலறத் தொடங்கியது.

“ஓடலையே?”

“மெதுவாத்தான் பிக்கப் ஆவும் சார்” என்றார் அந்தப் பெண்.

மேனேஜரின் கை பாதி தூரம் நீண்டு நின்றது. டைரக்டர் வைத்ததை எப்படிக் குறைப்பது? டைரக்டர் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தளர்த்தினார். சத்தத்தைக் கேட்டே காற்று வந்ததாக நம்பிவிட்டார் போல. “இப்ப பரவாயில்ல” என்றார். சற்று நேரத்தில் பிரின்டர் தறிபோல அடிக்கத் தொடங்கி, அறிக்கை மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கியது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இருக்கட்டும்” என்றார். அந்தப் பெண்ணும் இரண்டில் ஒன்றுதான் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தார், நெடுநேரம்.

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் திருகை நோக்கி நடந்தார்.

“அது டைரக்டர் சார் வெச்சது சார்” என்றார் அந்தப் பெண், தாள்களை மடித்துக்கொண்டே.

மேனேஜர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டிரங்க் காலில் யாரிடமோ இன்னும் உரக்கக் கத்த ஆரம்பித்தார்.