செல்லில் வைத்த பொட்டு

கடலூர் முதுநகரில் ஒரு ஷெட்டில் சோலார் பேனல் செய்துகொண்டிருந்தோம். முதலாளியோடு சேர்த்து மூன்றே பேர். வெயிலைக் கரண்டாக்கும் செல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைப்பது நான். அவற்றைக் கண்ணாடியோடு சூட்டில் ஒட்டும் மிஷினை ஓட்டுவது மாமா, அக்கா புருஷன். கண்ணாடி, அலுமினியச் சட்டம் எல்லாம் இங்கேயே கிடைக்கும். செல் மட்டும் கப்பலில் வரவேண்டும். அந்த வருடம் பெட்டி சென்னைத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது.

அண்ணாமலை நகரில் ஒரு ஹாஸ்டலுக்கு ஆர்டர். கடைசி பேனல் பாக்கி. கையிலிருந்த செல் அந்த ஒன்றுக்குச் சரியாக இருந்தது, ஒன்று உடைந்தாலும் வேறு கிடையாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது வந்து சேராவிட்டால், எல்லாவற்றையும் திருப்பிவிட்டு சைனா பேனல் வாங்கிக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அப்படி ஆனால் ஷெட்டுக்குப் பூட்டுதான்.

பூஜை முடிந்த மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தோம். மேஜையில் நான் பற்றவைத்து அடுக்கியிருந்த செல் ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"யார்யா இத வச்சது?" என்றார் முதலாளி.

"நாந்தான்" என்றார் மாமா. "எல்லாத்துக்கும் வையின்னீங்க. நமக்கு சோறு போடறதே இதானே மொதலாளி."

"மிஷினுக்கு வையின்னேன்யா!"

செல் அப்பளத்தைவிட மெல்லிசு. அழுத்தினால் உடையும். துடைக்காமல் போட்டால் உள்ளே குமிழி விழும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பேரும் துடைத்தோம். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது எனக்கு வராது மச்சான். நீயே தொடச்சிடு" என்று மாமா எழுந்துவிட்டார்.

ஒன்றும் உடையவில்லை. ஒரு செல்லில் மட்டும் சிவப்பு போகவில்லை. மேலும் தேய்க்கப் பயம். விட்டுவிட்டேன்.

மிஷினுக்குள் வைத்து மூடினோம். ஒட்டி முடியும்வரை கரண்ட் போகக்கூடாது. தினம் போகும். ஜெனரேட்டர் கிடையாது. மூன்று பேரும் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது நிற்கவில்லை. மூடியைத் திறந்தோம். குமிழி இல்லை. சட்டம் மாட்டி வேனில் ஏற்றினோம்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. காண்ட்ராக்டர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன செவப்பா?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார். "பூஜ பொட்டு சார். சைனாக்காரன் வச்சி அனுப்புவானா?"

அவர் சிரிக்கவில்லை. பேனலை வெயிலுக்குத் திருப்பச் சொன்னார். நானும் மாமாவும் பிடித்துக்கொண்டோம். மீட்டரை வைத்தார். மற்ற பேனல் மாதிரியே கரண்ட் காட்டியது. நம்பாமல் இன்னொரு தடவை வைத்தார். முதலாளி சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மாடிக்கு ஏத்துங்க" என்றார் காண்ட்ராக்டர்.

நான் ஏணி எடுக்க ஓடினேன்.