என் மருமகளுக்குப் பிறகு குடித்தவர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குத் தறி நெய்கிறவன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் என் மகன் கல்யாணம் செய்தான். பெண் லில்லி, மிசோரம். ஒரகடத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் வீட்டார் தலைமுறையாக விசுவாசிகள். ஆனாலும் எங்கள் சபையில் அவள் பெயர் சைனாக்காரி.

"இன்னாபா, உன் மருமக பாம்பு துன்னுமாமே?" என்று கேட்பார்கள்.

"மீன் துன்னும். முள்ள எடுத்துட்டு," என்றேன்.

இராப்போஜனத்துக்கு எங்களுக்கு ஒரே பாத்திரம். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு. வரிசையாக முழங்கால் போடுவோம். ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்.

லில்லி வந்த பிறகு பெண்கள் முந்திக்கொண்டு போனார்கள். மாதா மாதம் அவள்தான் கடைசி. போதகர் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் அவள் குடித்த பிறகு மட்டும் இரண்டு முறை துடைப்பார். அதையும் பார்த்தேன். அப்புறம் யாரையும் நம்பவில்லை. யாராவது சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன்.

அவள் மாசமாக இருந்தாள். ஒரு நாள் சொன்னாள், "மாமா, குழந்தை எங்க ஊர்ல வளரட்டும். இங்க நான் எச்சி."

அந்த வார்த்தையை நாங்கள் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. யார் சொன்னது என்று நான் கேட்கவுமில்லை.

மகனும் கிளம்பத் தயார். தறிக்குழியில் உட்கார்ந்தபடி ஜெபித்தேன். "ஆண்டவரே, அவளுக்கப்புறம் ஒருத்தராவது குடிக்கணும்." அவ்வளவுதான். நடக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த இராப்போஜனம். கமிட்டிக்காரர் மனைவி சாராள் அம்மா எல்லாரையும் முன்னே விட்டுவிட்டு நின்றார். சைனாக்காரி என்று முதலில் சொன்னதே அவர்தான். லில்லி முழங்கால் போட்டதும் அவளுக்கு அடுத்துப் போய் முழங்கால் போட்டார். வேடிக்கை பார்க்கவா, அவமானப்படுத்தவா?

லில்லி குடித்தாள். போதகர் துடைத்தார். மறுபடி துடைக்கத் துணியைத் தூக்கினார்.

"போதும் ஐயா. குடுங்க," என்றார் சாராள் அம்மா.

போதகர் கை நின்றுவிட்டது. சாராள் அம்மா பாத்திரத்தை வாங்கிக் குடித்தார்.

வெளியே வந்து கேட்டேன். "யார் சொல்லி இப்படி செஞ்சீங்க?"

"உனுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். எங்கப்பாவுக்கு வாலாஜாபாத் டீக்கடையில தனி கிளாஸ்பா. குடிச்சிட்டு அவரே கழுவி வெளிய கவுத்து வெக்கணும். போன வாட்டி ஐயா துடைச்சதப் பாத்தேன். அந்த கிளாஸுதான் கண்ணுல வந்துச்சு."

லில்லியிடம் போய், "நான் பேசனது தப்பும்மா," என்றார்.

"ஆண்ட்டி, பாம்பு சாப்பிட மாட்டேன்," என்றாள் இவள். சாராள் அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மறு வாரம் போதகர் சபைக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். லில்லி ஊருக்குப் போகவில்லை. பேத்தி இங்கேதான் பிறந்தாள்.

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இன்னும் சிலர் முந்திக்கொண்டு போகிறார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கர்த்தரை இனி சந்தேகப்படமாட்டேன். அரை மனதோடு கேட்டவனுக்கே கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் சபையில் கடைசியாகக் குடிப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, போய் அவருக்கு அடுத்து முழங்கால் போடுங்கள்.