அக்காவின் ஆவணிப் பூக்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் 'பூக்கார டீச்சர்' என்றுதான் தெரியும். அவருடைய ஒரே தங்கை நான். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

தீர்த்தமலைக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில், மரவள்ளி பயிரிட்ட குடும்பத்தில் அக்கா பிறந்தார். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு. தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி என்னை ஆளாக்கியவர் அவர்தான். அவருக்குத் திருமணமாகி நான்காம் ஆண்டில் மாமா சாலை விபத்தில் இறந்தார். குழந்தை இல்லை. அதன்பின் அரூரில் அங்கன்வாடி வேலையில் சேர்ந்து, ஊரோரம் ஒரு சிறிய வீடு கட்டினார். அதன் பின்பக்கத்துக் காலி இடம்தான் அவருடைய தோட்டம்.

அங்கே இருந்ததெல்லாம் ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கிற செடிகள். கோடையைக் கடந்து, ஆடிக் கடைசியில் தொடங்கிப் பூப்பவை. சம்பங்கி, கனகாம்பரம், சாமந்தி. "வருசா வருசம் புடுங்கிப் போட்டுப் புதுசு வெக்கறது எனக்கு ஆவாது பாப்பா" என்பார். சம்பங்கிப் புதர் நெருக்கமானால் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுவார். சாமந்தியின் நுனியை ஆடி பிறக்கும்வரை கிள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். அப்போதுதான் பக்கக் கிளைகள் விட்டுக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆவணி வெள்ளிக்கிழமைகளில் அங்கன்வாடிப் பெண் குழந்தைகள் எல்லார் தலையிலும் அக்கா வீட்டுக் கனகாம்பரம் இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றார்கள். வாரம் இருமுறை தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு.

ஒரு சித்திரை மாதம் அவரைப் பார்க்கப் போனேன். உதடு வெடித்து, ஈரத் துண்டை வாயில் ஒற்றியபடி, சம்பங்கிப் பாத்திக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வெயில்ல எதுக்குக்கா? உள்ள வா."

"நாந்தான் குடிக்கக் கூடாது கண்ணு. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சி?"

தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டு நின்ற விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

சிறுநீரகம் மாற்றினால் பிழைக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கும் அக்காவுக்கும் ஒரே இரத்தப் பிரிவு. என் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்க, மேற்கொண்டு சோதனைகள் செய்ய ஒரு நாள் குறித்தார்கள். என் மாமியார், "ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எதுக்கும்மா இந்த வேல?" என்றார். நான் அன்று போகவில்லை. காய்ச்சல் என்று அக்காவிடம் பொய் சொன்னேன். அடுத்துக் குறித்த நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

மூன்றாவது முறை அக்காவே போனில் அழைத்தார். "பாப்பா, இனிமே நீ வர வேணாம். எனக்கு ஆபரேசன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டன். யாராவது கேட்டா, அக்காதான் ஒத்துக்கலன்னு சொல்லு."

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த மலரில் உள்ள மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சென்ற ஆண்டு ஆனியில் அக்காவால் எழ முடியவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். "சாமந்தி நுனி கிள்ளாம கெடக்குது" என்றார். போய்க் கிள்ளிவிட்டு வந்து சொன்னேன். கண்ணைத் திறக்காமல், "சரி" என்றார். ஆவணி பிறந்த வாரத்தில், காலையில், மூச்சுத் திணறி இறந்தார். சம்பங்கி அப்போதுதான் முதல் தண்டு விட்டிருந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து தண்ணீர் விட்டேன். அது போதவில்லை. சாமந்தி தையிலேயே காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பெய்த மழையில் நீர் தேங்கி, வடித்துவிட ஆளில்லாமல், சம்பங்கிக் கிழங்குகள் அழுகிவிட்டன. தோண்டியபோது கையில் கூழாக வந்தன. கனகாம்பரம் நான்கைந்து குச்சிகளாக நிற்கிறது. துளிர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்காவை வாரம் தவறாமல் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்ற ஆட்டோ அண்ணனுக்கும், அவருக்கு உப்பில்லாமல் சமைத்துக் கொடுத்த அங்கன்வாடி உதவியாளருக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காதான் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களில் பலரிடம் நான் சொல்லியிருக்கிறேன். துக்கம் கேட்க வந்த உங்களில் சிலர் அதற்காக என் எதிரிலேயே அவரைக் கடிந்து பேசினீர்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிழைக்கவே விரும்பினார்.